கோல் கம்பத்தில் கட்டிய திரை

கூட்டுக்குருவியின் எச்சம் முடியில் விழுந்தால் ஷாம்பு போட்டாலும் லேசில் போகாது. லோஷினிக்கு இது அனுபவத்தில் தெரியும். அவள் தேடிப் போன பழைய தியேட்டர்களில் பாதி, சூப்புக்கு விற்கக் குருவிக்கூடு எடுக்கிற கட்டடங்களாகிவிட்டன. மீதி, மெத்தைக் கடை, தேவாலயம், கார் நிறுத்துமிடம் என்று ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. அன்றும் குளுவாங்கில் அப்படி ஒரு கட்டடத்துக்குள் போய், குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கி போடுகிற போலிக் குருவிச் சத்தம் காதைப் பிளக்க, ஒரு காலத்தில் டிக்கெட் கொடுத்த ஓட்டையைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வந்து தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கைப்பேசியில் அபிகெயிலின் குரல் வந்து விழுந்தது.

"லோஷி, பிஸியா? ஒரு சின்ன ஹெல்ப் லா. கண்காட்சிப் பலகையில இருக்கிற தமிழ மட்டும் ஒருதடவ பாத்துக் குடுத்திடேன். உன் தமிழ்தான் பெஸ்ட். நன்றி சொல்ற பலகையில உன் பேரப் போட்டுடுறேன், சத்தியமா!"

நன்றி சொல்கிற பலகை. லோஷினி கையிலிருந்த டிஷ்யூவைக் கசக்கிச் சாக்கடையில் எறிந்தாள்.

விஷயம் இதுதான். ஜொகூர் மாநிலத்தின் பழைய தியேட்டர்களைப் பற்றிக் கண்காட்சி ஒன்றும், அதற்குப் பிறகு ஒரு புத்தகமும் போடுவதாக ஓர் அறவாரியம் அறிவித்திருந்தது. கண்காட்சிக்கு லோஷினியும் விண்ணப்பித்தாள், அபிகெயிலும் விண்ணப்பித்தாள். அபிகெயிலுக்குக் கிடைத்தது. புத்தகத்தை யார் எழுதுவது என்பதை மட்டும், கண்காட்சியைப் பார்த்துவிட்டுச் சொல்வதாக அறவாரியத் தலைவர் டத்தோ சதாசிவம் சொல்லியிருந்தார். லோஷினிக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது அந்தப் புத்தகம் ஒன்றுதான்.

அவள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். போய் வரலாறு படித்தாள். வரலாறு படித்துவிட்டுக் கூலாயில் டியூசன் சென்டரில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள் என்று ஊரில், லாபிஸில், சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிம்பாங் ரெங்கம், செடெனாக், சிகாமட் என்று மூடிக்கிடந்த கட்டடங்களைச் சுற்றினாள். காவல்காரன் விரட்டியிருக்கிறான். நாய் துரத்தியிருக்கிறது. சிகாமட்டில் ஒரு மெத்தைக் கடைக்கார அம்மாள், இவள் மெத்தை வாங்குவாள் என்று நம்பி ஒரு மணி நேரம் தியேட்டர் கதை சொல்லிவிட்டு, வாங்கவில்லை என்றதும் சீனத்தில் திட்டியிருக்கிறாள்.

அபிகெயில் எங்கும் சுற்றவில்லை. ஜொகூர் பாருவில், தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். அவ்வளவுதான். அவளுடைய தாத்தா மரியநாதன் செடெனாக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவராக, இருந்தவர். கேமரா வைத்திருந்தவர். பெட்டி நிறைய நெகட்டிவ்.

இதைத்தான் லோஷினியால் செரிக்க முடியவில்லை. அபிகெயிலின் கார், சிங்கப்பூரில் வாங்கிய பட்டம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கொஞ்சு தமிழில் "தோட்டம்" என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்கிற அந்தப் பாவனை, எல்லாவற்றையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியைப் பொறுக்க முடியவில்லை. பால் வெட்டினவன் எவனும் கேமரா வைத்திருக்கவில்லை. லோஷினியின் ஆட்கள் சிரித்தது, சண்டை போட்டது, படம் பார்த்தது ஒன்றுக்கும் ஒரு துண்டுப் படம் அவள் வீட்டில் கிடையாது. அத்தனையும் கிராணி வீட்டுப் பரணில் இருந்தது.

கண்காட்சிக்கு அபிகெயில் வைத்த பெயர் 'கார் இல்லாத டிரைவ்-இன்'. தோட்டத்துத் திடலில் துணி கட்டிப் போட்ட படங்களைத்தான் அப்படிச் சொல்லியிருந்தாள். அந்தப் பெயரைப் படித்த அன்றைக்கு லோஷினிக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல பெயர். எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் நல்ல பெயர். இத்தனை ஞாயிற்றுக்கிழமை சுற்றியவளுக்கு அது தோன்றாமல், சோபாவில் காலை நீட்டிக்கொண்டிருந்தவளுக்குத் தோன்றியிருக்கிறது!

ஆனாலும் பலகைகளை அனுப்பச் சொன்னாள். பார்க்காமலிருக்க முடியாதே.

வந்தவற்றை அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசிக்கு முந்தின பலகையில் கை நின்றுவிட்டது. முழுச் சுவருக்கும் பெரிதாக்கப் போகிற படம் அதுதான் என்று அபிகெயில் குறிப்பு எழுதியிருந்தாள். திடல். பந்து விளையாடுகிற கோல் கம்பத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. துணியில், படம் தொடங்கும் முன் போடுகிற சோப்பு விளம்பரம், தமிழ் எழுத்தில். அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள். கேமராவுக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகுகள் மட்டும். கீழே வாசகம்: 'கிராணியும் பால்வெட்டுத் தொழிலாளியும் ஒரே திரையின் முன் ஒன்றாக அமர்ந்த இரவு.'

லோஷினி படத்தைப் பெரிதாக்கினாள். முன்வரிசைக்காரி, பக்கத்திலிருந்தவள், பின்னால் பிள்ளையை மடியில் போட்டிருந்தவள் என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். எல்லாப் பெண்களின் முந்தானையும் வலது தோளிலிருந்து முதுகில் தொங்கியது.

இடது தோளில்தானே போடுவார்கள்? ஒருத்தி மாற்றிப் போடலாம். ஒரு தோட்டமே மாற்றிப் போடுமா?

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாமலிருந்தால்தான் ஆச்சரியம், அவள் அப்பா அர்ச்சுனன் ஆயிரம் தடவை சொன்ன கதை அது. லாபிஸ் தோட்டத்தில் படம் போட்டால் படம் ஓட்டுகிற மெஷின் ஆபீஸ் பக்கம் இருக்கும். துரை, கிராணி குடும்பங்களுக்கு அந்தப் பக்கம் நாற்காலி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பால்வெட்டு ஆட்களுக்குத் துணியின் பின்பக்கம். அங்கே போய் உட்காருங்கள் என்று ஒருத்தரும் சொன்னதில்லை, இங்கே உட்காராதே என்றும் சொல்லத் தேவையிருந்ததில்லை. துணியை ஊடுருவி வருகிற படத்தில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். கதாநாயகன் இடது கையால் கத்தி சுற்றுவான். எழுத்து ஓடினால் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அர்ச்சுனன் அதில் கெட்டிக்காரர். முதல் தடவை லாபிஸ் டவுன் தியேட்டருக்குப் போனபோது கதாநாயகன் வலது கையால் அடிப்பதைப் பார்த்து, "டேய், படத்த மாத்திப் போட்டுட்டானுங்கடா!" என்று கத்தி, பின்னால் இருந்தவனிடம் அடி வாங்கினார்.

ஆக, மரியநாதன் கிராணி இந்தப் படத்தைத் துணியின் பின்பக்கம் நின்று எடுத்திருக்கிறார். அசலில் சோப்பு விளம்பரம் இடம் வலம் மாறித்தான் இருந்திருக்கும். அபிகெயில் அதைப் பார்த்து, நெகட்டிவைத் தப்பாக வைத்து ஸ்கேன் செய்துவிட்டார்கள் என்று நினைத்து, எழுத்து நேராகத் தெரிய வேண்டுமென்று படத்தையே திருப்பிவிட்டாள். பின்பக்கம் உட்கார்ந்தவர்களை ஒரே சொடுக்கில் முன்பக்கம் கொண்டுவந்து, 'ஒன்றாக அமர்ந்த இரவு' என்று எழுதியும்விட்டாள்.

லோஷினி அவளுக்குத் தட்டச்சு செய்தாள்: 'அபி, கடைசிக்கு முந்தின படம்'. நிறுத்தினாள். அழித்தாள். இன்னொரு பலகையில் விட்டுப்போயிருந்த ஒரு சொல்லை மட்டும் சேர்த்துவிட்டு, 'ஓகே லா, எல்லாம் சரியா இருக்கு' என்று அனுப்பினாள்.

அனுப்பிவிட்டு விழா அழைப்பிதழைத் திறந்து பார்த்தாள். திறப்புவிழாவில் கேள்வி நேரம் இருந்தது. அங்கே டத்தோ இருப்பார், பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள். எழுந்து நின்று, அடக்கமாக, "ஒரு சின்ன சந்தேகம் டத்தோ" என்று தொடங்கினால் போதும். எழுதுகிற தகுதி யாருக்கு என்று அந்த மனிதருக்கே தெரிந்துவிடும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று அந்த 'சின்ன சந்தேகம்' என்பதை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள்.

விழா ஜொகூர் பாருவில், புதுப்பித்த ஒரு கடை வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்தது. அர்ச்சுனன் போன தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, லாபிஸிலிருந்து தன் பழைய சாகா காரை ஓட்டிக்கொண்டு, கூலாயில் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டியவர், ஜொகூர் பாருவில் கார் நிறுத்த இடம் தேடி நாலு சுற்றுச் சுற்றினார்.

"லோரியா இருந்தா ரோட்டு நடுவுல நிறுத்திட்டுப் போயிருப்பேன். எவன் கேப்பான்?"

"அப்பா, உள்ள போய் இப்படியெல்லாம் பேசாதீங்க."

"ஏன், உள்ள என்ன, துரை இருக்காரா?"

வாசலில் அபிகெயில் நின்றாள். சேலை கட்டியிருந்தாள், அதுவும் பொருந்தித் தொலைத்தது. லோஷினியைக் கட்டிக்கொண்டுவிட்டு அர்ச்சுனனின் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். "அங்கிள்! பசியாறியாச்சா? அங்க மீ ஹூன் இருக்கு, கறிபாப் இருக்கு. லோஷி உங்களப் பத்தி எவ்வளவோ சொல்லியிருக்கா!"

லோஷினி ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. தான் பட்டம் வாங்கிய அன்றுகூட அவர் இப்படிப் பல் தெரியச் சிரித்த மாதிரி அவளுக்கு ஞாபகமில்லை. அந்தச் சிரிப்பும் அபிகெயிலுக்கா போக வேண்டும்?

டத்தோ வர நேரமானது. அர்ச்சுனன் கறிபாப்பைக் கடித்துக்கொண்டே ஒவ்வொரு பலகையாகப் பார்த்து வந்தவர், அந்தப் பெரிய சுவருக்கு முன்னால் வந்ததும் மெல்லுவதை நிறுத்தினார்.

"இது யாரும்மா புடிச்ச படம்?"

"எங்க தாத்தா, அங்கிள்," என்றாள் அபிகெயில். "செடெனாக் பக்கம் கிராணியா இருந்தாரு."

"நல்ல மனுசன்மா." அர்ச்சுனன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எங்க தோட்டத்துல கிராணி வீட்டு நாய்க்குக்கூட முன்பக்கம் இடம் இருந்துச்சு. நாங்கல்லாம் துணிக்கு அந்தாண்டதான். இங்க பாரு லோஷி, நம்ம பொம்பளைங்கள எப்படி முன்னுக்கு உக்கார வச்சிருக்காரு! அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும்."

அபிகெயில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அம்மா சொல்வாங்க அங்கிள், தாத்தாவுக்கு எல்லாரும் ஒண்ணுதான்னு."

கேள்வி நேரம்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று லோஷினிக்குத் தெரியும். இன்னும் அரை மணி நேரம். ஆனால் அவளுடைய அப்பா, அவளுடைய சொந்த அப்பா, கிராணி பேத்தியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, இல்லாத ஒரு பெரிய மனசுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முன்னுக்கும் இல்ல, மண்ணும் இல்ல. அப்பா, முந்தானையப் பாருங்க. எந்தத் தோளு?"

அர்ச்சுனன் பார்த்தார். கறிபாப் இருந்த கையால் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதலில் இடது, அப்புறம் வலது. அபிகெயிலும் குனிந்து தன் தோளைப் பார்த்தாள்.

"ஏன், எந்தத் தோள்ல போடணும்?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு உனக்கு யாரு கட்டிவிட்டா?"

"சலூன்ல."

"சலூன்காரிக்குத் தெரிஞ்சிருக்கு. இடது தோள்ல போட்டுருக்கா. அங்க எல்லாப் பொம்பளைக்கும் வலது தோளு. நீ படத்தத் திருப்பியிருக்க, அபி. சோப்பு எழுத்து நேரா வரணும்னு எங்க ஆளுங்களத் திருப்பிட்ட. உன் தாத்தா துணிக்குப் பின்னால நின்னு எடுத்திருக்காரு. அவங்க பின்னாலதான் உக்காந்திருந்தாங்க. ஒண்ணாவும் இல்ல, முன்னாவும் இல்ல."

அபிகெயில் சுவருக்கு அருகே போய் முந்தானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அலமாக், ஐயையோ," என்றாள், குரலே இல்லாமல். "ஸ்கேன் பண்ணவன் தப்பு பண்ணிட்டான்னு நெனச்சேன்." பிறகு, மெதுவாக, லோஷினியின் பக்கம் திரும்பினாள். "இத நான் உனக்குப் போன மாசமே அனுப்பினேனே. உனக்கு இப்பதான் தெரிஞ்சதா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. லோஷினிக்கு முகத்துக்கு நேரே பொய் வராது, அது ஒன்றுதான் அவளிடம் இருந்த நல்ல குணம் என்று அவள் அம்மாவே சொல்வார்.

"அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலியா?" என்று கேட்டது அர்ச்சுனன்.

"சொல்லல."

அவர் மீதிக் கறிபாப்பைத் தின்னாமல் டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் சலசலப்புக் கேட்டது. டத்தோ சதாசிவம் வந்துவிட்டார்.

அதன்பிறகு நடந்ததை லோஷினி எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வரவேற்புரை சொல்ல மைக்கைப் பிடித்த அபிகெயில், எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டாள். "எல்லாரும் மன்னிக்கணும். இங்க இருக்கிறதுலயே பெரிய படத்த நான் தப்பா மாட்டியிருக்கேன்," என்றாள். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்கூட அழகாக இருந்தது. "இத என் தோழி லோஷினி கண்டுபிடிச்சாங்க. அவங்களே சொல்லட்டும்." போன மாதம், அன்றைக்கே தெரியும், சொல்லல, எதுவும் அந்த வாயிலிருந்து வரவில்லை.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. லோஷினி நடந்து போய் மைக்கை வாங்கினாள். அந்த நொடியில் அவள் அபிகெயிலை வெறுத்த மாதிரி அதுவரை யாரையும் வெறுத்ததில்லை. தாராளமாக இருப்பதற்கும் வசதி வேண்டியிருக்கிறது. தாத்தா வைத்துவிட்டுப் போன சொத்தில் அதுவும் ஒன்று. ஆனாலும் பேசினாள். கோல் கம்பம், சாக்கு, இடது கைக் கதாநாயகர்கள், வலமிருந்து இடமாகப் படித்த பிள்ளைகள், எல்லாவற்றையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். "எங்க முதுகக்கூட நாங்க வச்சிருக்கல. கிராணி வீட்டுப் பெட்டியிலதான் இருந்துச்சு. அதையும் திருப்பி மாட்டிட்டாங்க," என்று முடித்தாள். கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்று தட்டினார்.

பிறகு டத்தோ பேசினார். இத்தனை பேர் முன்னால் தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிற நேர்மையை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடியும் என்று கேட்டார். வரலாறு எழுதுகிறவருக்கு முதலில் வேண்டியது அந்த நேர்மைதான் என்றார். புத்தகத்தை அபிகெயில் எழுதுவார் என்றார்.

இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

வெளியே சாகாவுக்குள் வெயில் கொதித்தது. அர்ச்சுனன் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்த கறிபாப்பை எடுத்துத் தின்றார். விரலைத் துடைத்துக்கொண்டு, "கெடுத்துக்கிட்டியே," என்றார்.

"ஆமா."

"அந்தப் புள்ளகிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"நன்றி சொல்ற பலகையில என் பேரு இருந்திருக்கும். இப்பவும் இருக்கு. போய்ப் பாருங்க, கழிவறைக்குப் பக்கத்துல."

அவர் சிரிப்பை அடக்கியது தோளில் தெரிந்தது. அப்போது அபிகெயில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் ஓடி வந்தாள். கார் ஜன்னலருகே குனிந்தாள். மூச்சு வாங்கியது.

"போயிடாத. தோட்டத்து அத்தியாயத்த நீதான் எழுதணும்."

"ஏன், உனக்கு எழுத வராதா? நேர்மையான ஆளாச்சே."

அடியை வாங்கிக்கொண்டாள். "என்னால முடியாது லோஷி. தாத்தா ஏன் அன்னைக்கு நாற்காலிய விட்டுட்டுப் பின்பக்கம் போனாருன்னுகூட எனக்குத் தெரியாது. எங்க வீட்டுல யாரும் எதையும் சொன்னதில்ல. தோட்டம்னாலே அம்மா பேச்ச மாத்திடுவாங்க. என்கிட்ட இருக்கிறது வெறும் பெட்டி. உனக்கு ஒரு படமும் தேவையில்ல, உங்க அப்பா வாயத் தொறந்தா கொட்டுது. நீ மைக்ல பேசினப்ப எனக்கு எப்படி எரிஞ்சுது தெரியுமா?"

லோஷினி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நடிப்பில்லை. அந்த எரிச்சலை அவளுக்கு அடையாளம் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான். அது இந்த முகத்தில், தன்னால் வந்திருக்கிறது. அவளுக்கு இனித்தது. வெட்கமில்லாமல், நாக்கின் அடிவரைக்கும் இனித்தது.

"அங்கிள்," என்று அபிகெயில் ஜன்னலுக்குள் இன்னும் குனிந்தாள், "நான் லாபிஸுக்கு வந்து உங்கள ஒரு பேட்டி எடுக்கலாமா?"

"தாராளமா வாம்மா. ஞாயித்துக்கிழமை நான் சும்மாதான்..."

"முடியாது," என்றாள் லோஷினி.

"ஏய், என்னையில்ல கேக்குது அந்தப் புள்ள?"

"அவரு கதைய நான் எடுத்தாச்சு. அது என்கிட்ட இருக்கு. வேணும்னா அட்டையில என் பேரு வரணும். உள்ள எங்கயோ இல்ல, நன்றியில இல்ல. அட்டையில. உன் பேரு இருக்கிற அளவுக்கு."

அபிகெயில் நிமிர்ந்தாள். கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். தன் பெயர் மட்டும் இருக்கிற ஓர் அட்டையை அவள் மனசுக்குள் வரைந்து வைத்திருந்தாள் என்பதும், அதை இப்போது அழித்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் லோஷினிக்கு அப்படியே தெரிந்தது.

"சரி," என்றாள் கடைசியில். "நான் டத்தோகிட்ட பேசுறேன். நான் சொன்னா கேப்பாரு. இங்கயே இரு."

அவள் திரும்பிக் கட்டடத்தை நோக்கி நடந்தாள். அர்ச்சுனன் திருப்தியாக இருக்கையில் சாய்ந்துகொண்டார்.

"பாத்தியா, எவ்வளவு நல்ல புள்ள. உனக்கு வாங்கிக் குடுத்துரும்."

வாங்கிக் கொடுத்துவிடும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டத்தோ அபிகெயிலின் தோளைத் தட்டுவதும், அபிகெயில் கார் இருக்கிற பக்கம் கையைக் காட்டுவதும், டத்தோ ஒன்றும் புரியாமல் வெயிலுக்குள் கண்ணைச் சுருக்கித் தேடுவதும் தெரிந்தன. அவள் எப்படி ஆரம்பித்திருப்பாள் என்று லோஷினியால் கேட்காமலே சொல்ல முடியும். 'பாவம், டத்தோ, கஷ்டப்பட்டுப் படிச்ச பொண்ணு.'

லோஷினி கார்க் கதவைத் திறந்தாள்.

"எங்க போற?" என்றார் அர்ச்சுனன். "இங்கயே இருன்னுதானே சொல்லிட்டுப் போச்சு?"

"அதுக்குத்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்தி, டத்தோவிடம் தன் பெயரைத் தானே கேட்டு வாங்க வேகவேகமாக உள்ளே போனாள்.